களத்தில் ஆணழகைக் காண்பது எப்படி

தை முதல் நாள் அவனியாபுரத்திலும், மறுநாள் பாலமேட்டிலும், அதற்கடுத்த நாள் அலங்காநல்லூரிலும் ஜல்லிக்கட்டுக்காக வாடிவாசல் திறக்கிறபோது, சுற்று வட்டாரத்து ஊர்களிலிருந்து விடியுமுன்பே திரண்டு வந்து காலரியில் இடம் பிடிக்கும் ஜனத்திரளில் எவரை நிறுத்தி, எதைப் பார்க்க வந்தீர்கள் என்று வினவினாலும், மாட்டைப் பார்க்க வந்தோம் என்றோ வீரத்தைப் பார்க்க வந்தோம் என்றோதான் விடை வரும். அந்த விடை மெய்யானதே. ஆயினும் முழு மெய்யன்று. திடகாத்திரமான இளைஞர் நூற்றுக்கணக்கானோர், பிராண பயத்தை ஒதுக்கிவிட்டு, நம் கண்முன்னே ஓடுவதும் பாய்வதும் விழுவதும் எழுவதுமாக இருக்கும் காட்சியில், அவர்களுடைய சரீர சௌந்தரியமும் நம்மை ஈர்க்கிறது என்பதை ஒப்புக்கொள்ள நமக்கு ஏனோ நா எழுவதில்லை. எல்லாவற்றையும் வீரம் என்றே பெயரிட்டு மூடி வைத்துவிடுகிறோம். அந்த மூடியைத் திறந்து பார்க்கத் துணிகிறவர்களுக்கே இந்த விளையாட்டு தன் பூரண ரசத்தையும் தருகிறது என்பது என் திடமான அபிப்பிராயம். அப்படிப் பார்ப்பதற்கு நம்முடைய இலக்கியமே வழி காட்டியும் இருக்கிறது.

உ. வே. சாமிநாதையர் 1894ஆம் ஆண்டில் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்த புறநானூற்றில், ஒரே மல்லனின் புகழை இரண்டு புலவர்கள் பாடியிருக்கிறார்கள். உறையூர் வேந்தன் தித்தனுடைய மகனாகிய போரவைக் கோப்பெருநற்கிள்ளி, தந்தையோடு மனம் வேறுபட்டு வறுமையில் உழன்ற காலத்தில், ஆமூர் மல்லன் ஒருவனோடு பொருது வென்றான். சாத்தந்தையார் அந்தப் போரைப் பார்க்கிறார்: ஒரு கால் எதிரியின் மார்பை அழுத்த, மற்றொரு கால் அவனுடைய உபாயங்களையெல்லாம் தடுத்து முதுகுப்புறம் வளைந்து நிற்கும் பிடியின் நுட்பத்தை வர்ணித்துவிட்டு, மகிழ்ந்தாலும் மகிழாவிட்டாலும் இதை அந்தத் தகப்பன் வந்து காண வேண்டும் என்று ஏங்குகிறார். வெற்றியும், அந்த வெற்றியைத் தகப்பன் கண்ணால் காண வேண்டுமென்ற தாகமுமே அவருக்குப் பெரிது. பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையாரோ, அதே வீரனைப் பார்த்துத் தன் கைவளை நெகிழ்வதையும், தாய் அறிந்துவிடுவாளோ என்று அஞ்சுவதையும், அவன் தோளைத் தழுவ எழும் ஆசையை அவையிலுள்ளோர் முன் நாணி அடக்குவதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறார். கூழ் உண்டு வாழ்ந்தும் அவன் பெருந்தோளனாக இருப்பதையும், அவனுக்கு இவ்வளவு அருகில் இருந்தும் தன் மேனி பசலையால் பொன்னிறம் கொண்டுவிட்டதையும் ஒன்றையடுத்து ஒன்றாக வைக்கிறார். வென்றவன் அவனே என்று சிலரும், இல்லை என்று சிலரும் வாதிக்கையில், சிலம்பு ஒலிக்க ஓடிப்போய், வீட்டருகே பனைமரத்தில் சாய்ந்து நின்று, அவன் வென்றதைத் தன் கண்ணாலேயே கண்டுகொள்கிறார். நக்கண்ணையாரின் இந்த மூன்று பாட்டையும் கைக்கிளை என்று வகுத்த முன்னோர், அவற்றைப் போர்ப் பாட்டுகளின் நடுவிலேயே வைத்தார்களேயன்றி, ஒரு பெண் இப்படியெல்லாம் பேசலாமா என்று தொகுப்பிலிருந்து தள்ளிவிடவில்லை.

சாத்தந்தையாரின் கண் இன்றைய ரசிகர்களிடம் தாராளமாகவே இருக்கிறது. எந்தப் பிடி, எத்தனை மாடு, எந்த ஊர்க்காரர், முதல் பரிசு காரா மோட்டார் சைக்கிளா என்பதெல்லாம் டீக்கடைகளில் பல நாள் விவாதிக்கப்படுகின்றன. நக்கண்ணையாரின் கண்தான் மங்கிவிட்டது. அதை மீண்டும் பெறுவதற்கான சில உபாயங்களையே இங்கே சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது, காளை வெளிவருவதற்கு முந்திய கணங்களைப் பாருங்கள். பெரும்பாலோர் வாடிவாசலின் இருட்டையே நோக்கிக்கொண்டிருக்கும் அந்த வேளையில், அதன் இருபுறமும் தடுப்பை ஒட்டி நிற்கும் இளைஞர்களின்மேல் உங்கள் பார்வையை நிறுத்துங்கள். எண் அச்சடித்த பனியனும் அரைக்கால் சட்டையும் அணிந்த ஒருவர், தரையில் பரப்பிய தேங்காய் நாரில் வெறுங்காலை ஊன்றி, பெருவிரலால் அந்த நாரைச் சற்றே பற்றியும் விட்டும், முழங்காலைத் தளர்த்தி, உள்ளங்கை வியர்வையைத் தொடையில் துடைத்து, தோள்களைத் தாழ்த்திக் காத்திருப்பதைக் காணுங்கள். உள்ளே மூக்கணாங்கயிறு அறுபடும் ஓசையோ, கொம்பு மரத்தில் மோதும் ஓசையோ கேட்டவுடன், அதுவரை அசைந்துகொண்டிருந்த அந்த உடம்பு முழுவதும் ஒரே நொடியில் அசைவற்றுப்போகிறது. அடிவயிறு உள்ளிழுக்கப்படுகிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது, இமை கொட்டுவதில்லை. சிற்பிகள் கல்லில் நிறுத்த முயன்றதெல்லாம் இந்த நிலையைத்தான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

அடுத்தது, பாய்ச்சல். காளை வெளிப்பட்டு முதல் துள்ளல் துள்ளும்போதே பக்கவாட்டிலிருந்து நெருங்கி, இரு கைகளாலும் திமிலைக் கட்டி, மார்பை அதன் முதுகோடு சேர்த்து, கன்னத்தையும் அதன்மேல் பதித்துவிடுகிறவரே நல்ல மாடுபிடி வீரர். கொம்பையும் வாலையும் தொடக் கூடாது. ஒரு மாட்டை ஒருவர்தான் பிடிக்க வேண்டும். இருவராகச் சேர்ந்து பிடித்தால் பரிசு கிடையாது என்று ஒலிபெருக்கியில் ஓயாமல் எச்சரித்துக்கொண்டே இருப்பார்கள். ஆகவே, மனிதன் தன் பலத்தால் மிருகத்தை அடக்கிவிடுகிறான் என்று எண்ணுவது பிசகு. பல மணங்கு எடையுள்ள ஒரு புலிக்குளத்துக் காளையை எந்த மனிதப் பிறவியும் பலத்தால் அடக்க இயலாது. அதன் துள்ளலுக்குத் தன் உடம்பை ஒப்படைத்து, அது எழும்போது எழுந்து, இறங்கும்போது இறங்கி, எல்லைக்கோடு வரை அதனோடு ஒன்றிச் செல்லுவதே அங்கே நிகழ்வது. முரட்டுத்தனத்தைப் பார்க்க வந்தவர்கள் அந்தச் சில வினாடிகளில் உடல் காட்டும் இணக்கத்தைத் தவறவிடுகிறார்கள். பிடிப்பதில் மட்டுமன்றி விட்டு விலகுவதிலும் அழகு உண்டு: கையை எடுத்த மறுகணமே உதைக்கும் எட்டாமல், திரும்பும் கொம்புக்கும் எட்டாமல் ஒதுங்கத் தெரிந்தவரைக் கவனியுங்கள்.

சில காளைகள் ஓடிவிடாமல் நடுக்களத்தில் நின்று விளையாடும். அப்போது அத்தனை வீரர்களும் தடுப்பின்மேல் தொற்றிக்கொள்ளுவதைப் பார்த்துக் கூட்டம் ஆரவாரிக்கிறது; சிலர் பரிகசிக்கவும் செய்கிறார்கள். பரிகாசம் வேண்டாம். அச்சம் படர்ந்த முகம், அந்த அச்சத்தோடேயே மறுபடியும் கீழே இறங்கும் கால், அருகில் விழுந்து கிடப்பவரை இழுத்து ஒதுக்கும் கை ஆகிய இவற்றில்தான் புருஷ லட்சணத்தின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. அஞ்சாதவன் என்று எவனும் அந்தக் களத்தில் இல்லை.

உடல்வாகைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம்முடைய சினிமா, வயிற்றில் கட்டுக் கட்டாகத் தசை தெரிவதையே ஆணழகு என்று பழக்கிவிட்டது. வாடிவாசலில் நிற்பவர்களோ சுமை தூக்குகிறவர்களும், கொத்து வேலைக்குப் போகிறவர்களும், வயல் வேலை செய்கிறவர்களும், கல்லூரியில் படிக்கிறவர்களுமாக இருப்பார்கள். ஒட்டிய வயிறும், கயிறாய் முறுக்கேறிய முன்கையும், வெயிலில் கறுத்த பிடரியுமே அவர்களுக்கு ஆபரணம். கூழுண்ட பெருந்தோளைக் கண்டு வியந்த பெண், இந்த உடம்பை உடனே இனம் கண்டிருப்பாள்.

ஜல்லிக்கட்டு ஆண்டிற்கு ஒருமுறை வருவது; ஆனால் சடுகுடுவுக்குக் காலக் கணக்கில்லை. மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்து ஊர்களில் திருவிழாவை ஒட்டி, மின்விளக்குக் கம்பங்கள் நட்டு, மண்ணைக் கொத்திச் சலித்து, இரவெல்லாம் நடக்கும் ஆட்டத்தை அவசியம் பாருங்கள். 1990இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் ஏறி, 2014இல் புரோ கபடி வாயிலாகத் தொலைக்காட்சிக்கும் வந்து, 2017இல் தமிழ் தலைவாஸ் என்ற அணியையும் நமக்குத் தந்த இந்த ஆட்டத்தில், எல்லோரும் பாடி வருகிறவரையே பார்க்கிறார்கள். நீங்கள் காத்து நிற்கும் எழுவரின் கைகளைப் பாருங்கள். மூலையில் நிற்பவரும் அவருக்கு அடுத்தவரும் விரல்களைக் கோத்துக்கொண்டு, ஒருவர் இழுத்த இழுப்புக்கு மற்றவர் அசைந்து, சொல் ஒன்றும் பேசாமல் அந்தக் கைப்பிடியின் அழுத்தத்தாலேயே, 'இப்போது வேண்டாம்', 'இதோ இப்போது' என்று பேசிக்கொள்ளுகிறார்கள். பிறகு கணுக்காலை ஒருவர் பிடிக்க, இடுப்பை ஒருவர் வளைக்க, நான்கைந்து பேர் ஒரே குவியலாக மண்ணில் விழுந்து, எழும்போது எதிரியின் முதுகிலுள்ள மண்ணையும் தட்டிவிடுகிறார்கள். ஆண்கள் ஒருவரையொருவர் தொடவும், கட்டிக்கொள்ளவும், தோளில் முகம் புதைத்து அழவும் தடையில்லாத இடங்கள் நம் சமூகத்தில் சொற்பம். ஆட்டக்களம் அவற்றுள் ஒன்று. காண்போரின் மனம் நெகிழ்வதற்கு அதுவும் காரணம் என்றே கருதுகிறேன்.

இனி, கூச்சத்தை உண்டாக்கும் விஷயத்திற்கு வருகிறேன். இத்தகைய பார்வையில் காமம் கலந்திருக்குமா என்று கேட்டால், சிலருக்குக் கலந்திருக்கும், சிலருக்குக் கலந்திராது. கலந்திருப்பதனால் பார்வை இழிந்துபோவதில்லை. சோழன் நல்லுருத்திரன் பாடிய முல்லைக்கலியில், ஏறு தழுவும் களத்தைச் சூழ்ந்து நிற்கும் ஆயர் மகளிர், இன்ன காளையை இன்னான் அணைகிறான் என்று ஒருவருக்கொருவர் சுட்டிக் காட்டி, தங்களுக்கு உகந்தவனைத் தேர்ந்துகொள்ளுகிறார்கள். ஆட்டம் முடிந்தபின் ஆணும் பெண்ணும் கைகோத்துக் குரவை ஆடுகிறார்கள். அங்கே பெண்ணின் ரசனையே நடுவர். இன்றைய காலரியில் பெண்கள் ஒரு மூலையில் சிறு கூட்டமாக உட்கார்ந்திருப்பதும், அவர்களும் மாட்டைப் பற்றி மட்டுமே பேச வேண்டும் என்று எதிர்பார்க்கப்படுவதும் நமக்குப் பெருமை சேர்ப்பவையல்ல.

ஆணுக்கு ஆண் அழகாகத் தோன்றுவதும் அப்படியே. சிலருக்கு அது, இவரைப் போல நாமும் இருக்க மாட்டோமா என்ற ஏக்கம். சிலருக்கு இழந்த யௌவனத்தின் ஞாபகம். வேறு சிலருக்கு அது மெய்யான மோகமே. ஆண்களாகிய நம்மாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் தம்மைப் பராங்குச நாயகியாகவும் பரகால நாயகியாகவும் பாவித்து, திருமாலின் தோளுக்கும் விழிக்கும் உருகியதை நாம் பக்தியோடு ஓதி வருகிறோம். சொக்கநாதருக்கும் கள்ளழகருக்கும் விழா எடுத்து, அந்தப் புருஷ சௌந்தரியத்தை ஒரு கணம் காண வைகைக் கரையில் லட்சக்கணக்கில் காத்து நிற்கும் ஊர் மதுரை. பால்பேதங்களைக் கடந்தவர்களின் பெருமித ஊர்வலம் 2012 ஜூலையில் இந்த மதுரையிலேயே நடந்தது. ஒருபால் விருப்பம் குற்றமல்லவென்று 2018 செப்டம்பர் 6ஆம் தேதி உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. எனவே காலரியில் உங்கள் பக்கத்தில் அமர்ந்திருப்பவரின் பெருமூச்சு எவ்வகைப்பட்டது என்று ஆராய வேண்டியதில்லை. உங்களுடையதைக் குறித்து வெட்கப்படவும் வேண்டியதில்லை.

ஆனால் ரசனைக்கு ஒரு மரியாதை உண்டு. களத்தில் இறங்கியவர் தம் ஊரின் முன்னே தம்மைச் சோதித்துப் பார்க்க வந்தவர். நம் கைப்பேசிக்குள் அடைபடுவதற்காக வந்தவரல்லர். சட்டை கிழிந்து அடிபட்டுக் கிடப்பவரைப் பெரிதாக்கிப் படமெடுத்துப் பரப்புவது விகாரம். அவருடைய திறமையோடு சேர்த்து அவருடைய உடலையும், அவருடைய உடலோடு சேர்த்து அவருடைய உயிரையும் மதிக்கிற பார்வையே நக்கண்ணையாரின் பார்வை. வளை நெகிழ்ந்த அந்தப் பெண்ணும், அவன் வென்றானா என்பதைத்தான் ஓடிப்போய்ப் பார்த்தாள்.

இன்னொன்றையும் மறைப்பதற்கில்லை. வீரத்தைத் தங்கள் சாதியின் சொத்தாக எண்ணுகிறவர்களும், காளை பிடிபட்டால் குடும்ப மானமே போயிற்று என்று கொதிக்கிறவர்களும் இந்தக் களங்களைச் சுற்றி இன்றும் இருக்கிறார்கள். 1959இல் வெளிவந்த சி. சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' குறுநாவலைப் படித்தவர்கள், பிச்சி என்ற வீரன் அணைந்துவிட்ட காரிக் காளைக்கு ஜமீன்தார் கையால் நேர்ந்த முடிவை மறந்திருக்க மாட்டார்கள். அந்தக் கௌரவ வெறிக்கும் ஆண்மைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. 2014 மே மாதத்தில் ஜல்லிக்கட்டுக்கு உச்ச நீதிமன்றம் விதித்த தடையை எதிர்த்து, 2017 ஜனவரியில் சென்னை மெரினாவிலும் மதுரைத் தமுக்கத்திலும் இரவு பகலாக அமர்ந்திருந்த கூட்டத்தில் பெண்கள் அச்சமின்றி ஆண்களோடு கலந்திருந்தார்களே, அந்த நாட்களின் பண்பு வாடிவாசலுக்கும் வர வேண்டும். 2023 மே 18இல் அந்த நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, ஜல்லிக்கட்டை அனுமதிக்கும் தமிழகச் சட்டத்தை ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆனாலும் குடல் சரிந்து இளைஞர்கள் சாகிற செய்தி வராத தை மாதம் அரிதாகவே இருக்கிறது. அந்தச் சாவைப் பொருட்படுத்தாத ரசனையை நான் ரசனை என்று ஏற்க மாட்டேன். மருத்துவப் பரிசோதனையையும், வீரர்களின் எண்ணிக்கைக் கட்டுப்பாட்டையும் கேலி செய்கிறவர்களோடு சேராதீர்கள்.

அடுத்த தையில் புறப்படுகிறவர்களுக்கு: பாலமேட்டில் மஞ்சமலை ஆற்றுத் திடல் விசாலமாக இருப்பதால், ஓட்டத்தை முழுமையாகக் காணலாம்; அலங்காநல்லூரில், முனியாண்டி கோயில் காளையை யாரும் பிடிக்காமல் மரியாதையோடு வழிவிடும் முதற்காட்சி உட்பட, எல்லாம் மிக நெருக்கத்தில் தெரியும். கூட்டத்திற்கு அஞ்சுகிறவர்கள், 2024 ஜனவரியில் அலங்காநல்லூர் அருகே கீழக்கரையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு ஏறு தழுவுதல் அரங்கில் நிழலில் அமர்ந்து பார்க்கலாம். விடிவதற்குள் போய்ச் சேருங்கள். வீட்டுப் பெண்களை உடன் அழைத்துச் செல்லுங்கள். மாலையில், அதிக மாடு பிடித்தவர் இன்னார் என்று கமிட்டியார் கணக்கிட்டு அறிவிப்பதற்கு முன்னால், இன்றைய களத்தில் சிறந்தவர் யார் என்று அவர்களைக் கேளுங்கள். அவர்கள் காட்டும் இளைஞர் பரிசு பெறாதவராக இருந்தால், ஏன் அவரைத் தேர்ந்தீர்கள் என்றும் சற்று விவரமாகவே விசாரியுங்கள்.