சிரிக்கிற டாக்டரும் காணாமல்போன பயமும்

நெஞ்சை நிமிர்த்தி, கையை வீசி, வாயெல்லாம் பல்லாக ஒரு ஆள் நடந்து வருவார். 2022-ல் உலகம் பூரா செல்போன்களில் ஓடிய துண்டுப்படம். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். 'யாருடா இந்த ஆளு, காரணமே இல்லாம சிரிக்கிறான்?' என்று நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

பேர், டாக்டர் லிவ்சி. பிறந்த இடம், ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் எழுதி 1883-ல் புத்தகமாக வந்த 'ட்ரெஷர் ஐலண்ட்'. அந்த நடையைக் கற்றுக்கொண்ட இடம், கீவ். சோவியத் தொலைக்காட்சிக்காக டேவிட் செர்காஸ்கி கீவில் எடுத்து, 1988-ல் வந்த இரண்டு பாக கார்ட்டூன் படம் அது. துண்டை மட்டும் பார்த்தவர்கள் முழுப்படத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஒண்ணே முக்கால் மணி நேரம்தான்.

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். கடலோரச் சத்திரத்துப் பையன் ஜிம் கையில் ஒரு புதையல் வரைபடம் கிடைக்கிறது. கப்பல் கிளம்புகிறது. சமையல்காரனாக ஏறிய ஒற்றைக்கால் ஜான் சில்வர்தான் கொள்ளைக்கூட்டத்துக்கே தலைவன் என்பது நடுக்கடலில் தெரிகிறது. செர்காஸ்கி இந்தக் கதையில் அதிகம் கை வைக்கவில்லை. ஆப்பிள் பீப்பாய்க்குள் ஒளிந்து ஜிம் ஒட்டுக்கேட்பது, தீவில் தனியாக விடப்பட்ட பென் கன் என்று எல்லாம் இருக்கிறது. ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரு கோமாளிக் குல்லாய் மாட்டிவிட்டார்.

ஒவ்வொரு பாத்திரம் வரும்போதும் போலீஸ் ஃபைல் மாதிரி ஒரு குறிப்பு ஓடும். ஆள் எப்படி, குணம் என்ன, கல்யாணம் ஆனதா இல்லையா... 1973-ல் சோவியத் நாட்டையே டி.வி. முன்னால் உட்காரவைத்த ஒரு உளவாளித் தொடரைக் கிண்டல் செய்கிறார்களாம். அந்தத் தொடரைப் பார்க்காத எனக்கே சிரிப்பு வந்தது. நடுநடுவே கார்ட்டூன் நின்று நிஜ மனிதர்கள் வந்து பாடுவார்கள். புகை பிடிக்காதே, குடிக்காதே என்று புத்திமதி! பக்கத்துக்குப் பக்கம் ரம் வாசனை அடிக்கிற நாவல் இது. 1985-லிருந்து கோர்பசேவ் மதுவுக்கு எதிராக மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நாட்டில் இதைப் படமாக்கினால் வேறென்ன செய்ய? புத்திமதியையே நையாண்டியாக்கிவிட்டார்கள். இங்கிலீஷில் டப் செய்து விற்றவர்கள் இந்தப் பாட்டுகளை வெட்டி எறிந்தார்கள். பாவிகள்!

நான் பி.காம். படித்தவன். வரவு, செலவு இரண்டையும் எழுதிப் பார்த்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

வரவில் முதல் பேர் லிவ்சி. நாவலில் அவர் நிதானமானவர். மாஜிஸ்திரேட் வேறு. கத்தியை நீட்டுகிற குடிகாரக் கிழவனிடம், குரலை உயர்த்தாமல், 'தூக்குமேடைக்குப் போவாய்' என்று சொல்லக்கூடியவர். காய்ச்சலில் கிடக்கும் எதிரிகளையும் தேடிப்போய் மருந்து கொடுப்பவர். பயமில்லாத மனிதரை எப்படி வரைவது? ஓயாமல் சிரிக்க வைத்துவிட்டார் செர்காஸ்கி. நாவலை வரிக்கு வரி படித்தவருக்குத்தான் இப்படி யோசனை வரும்.

இப்போது செலவுக்கு வருவோம்.

நாவலில் பனி உறைந்த சாலையில் ஒரு குருடனின் தடி டொக் டொக்கென்று தட்டிக்கொண்டு வரும். சின்ன வயசில் அதைப் படித்த ராத்திரி நான் தனியாகக் கொல்லைப்பக்கம் போகவில்லை. கப்பலில் இஸ்ரேல் ஹேண்ட்ஸ் எறிகிற கத்தி ஜிம்மின் தோளைப் பாய்மரத்தோடு சேர்த்துக் குத்தும். ஜிம்மின் துப்பாக்கிகள் வெடிக்க, ஹேண்ட்ஸ் கடலில் விழுவான். தெளிந்த தண்ணீருக்கடியில் அந்தப் பிணம் கிடப்பதைப் பையன் மேலிருந்து பார்ப்பான். படத்தில் இதே சண்டை பூனை, எலி துரத்தல். யாருக்கும் எதுவும் ஆகாது என்று குழந்தைக்கு முதல் நிமிஷமே தெரிந்துவிடுகிறது.

பெரிய நஷ்டம், சில்வர். ஆர்மென் ஜிகர்கான்யனின் கரகரத்த குரல் அபாரம். குறை அவரிடம் இல்லை. நாவலில் சில்வர், தன்னோடு சேர மறுத்த ஒரு நேர்மையான மாலுமியின் முதுகில் ஊன்றுகோலை வீசி வீழ்த்தி, கத்தியால் குத்திக் கொல்கிறான். அதே சில்வர் பிறகு ஜிம்மைக் கொல்ல வந்த கூட்டத்தைத் தடுத்து நிற்கிறான். கடைசியில் ஒரு பை காசோடு நைஸாகத் தப்பியும் விடுகிறான். நமக்கோ அவனைப் பிடித்துத் தொலைக்கிறது! கொலைகாரனைப் போய் ஏன் பிடித்தது என்று ஒரு பையன் தன்னைத்தானே கேட்டுக்கொள்கிற இடம் இருக்கிறதே, அதுதான் ஸ்டீவன்சன் வைத்துவிட்டுப்போன புதையல். எல்லோரும் கோமாளி என்றால் அந்தக் கேள்விக்கே இடமில்லை.

அதற்காகப் படத்தைத் தள்ளிவைக்கச் சொல்லவில்லை. இத்தனை வருஷம் கழித்து இன்னொரு தேசத்துப் பிள்ளையைச் சிரிக்க வைப்பது லேசான காரியமா? குழந்தைகளோடு உட்கார்ந்து பாருங்கள். சப்டைட்டிலை நீங்கள் படித்துச் சொல்லுங்கள். ஆனால், 'அதான் படமே பார்த்தாச்சே' என்று புத்தகத்தை மூடிவைத்துவிடாதீர்கள். ஒரு மழை ராத்திரியில் உரக்கப் படித்துக்காட்டுங்கள்.

மறுநாள் காலையில் பிள்ளை கேட்கும், 'சில்வர் நல்லவனாப்பா, கெட்டவனா?'

அவசரப்பட்டுப் பதில் சொல்லிவிடாதீர்கள். 'நீ என்ன நினைக்கறே?' என்று திருப்பிக் கேளுங்கள். அது யோசிக்கட்டும்.