அம்மன் காசும் 1,02,400-ம்

புதுக்கோட்டை சமஸ்தானத்து அம்மன் காசை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள்: ஒருபுறம் அமர்ந்த கோலத்தில் பிரகதாம்பாள், மறுபுறம் தெலுங்கில் 'விஜய'. அன்று இருபது காசு ஓர் அணா; 320 காசு ஒரு ரூபாய். நம் பழைய பின்ன முறையான கீழ்வாய் இலக்கத்தில் முந்திரியும் 1/320தான்! ரூபாயில் ஒரு முந்திரி அந்தச் சின்னக் காசு. நாலு காசு காணி, பதினாறு காசு மா, இருபது காசு மாகாணி. எதிலும் மிச்சம் விழாது.

முந்திரியில் முந்திரி, கீழ்முந்திரி: 1/1,02,400. இந்த 1,02,400 எனக்கு மிகவும் பிடித்த எண். 320-இன் வர்க்கம், அதனால்தான் வகுக்கும் எண்கள் ஒற்றைப்படையில், 39. மூன்று பேருக்குப் பங்கிட்டால் ஒன்று மிஞ்சும். இரண்டையும் ஐந்தையும் தவிர வேறு பகா எண் அதற்குள் கிடையாது. பன்னிரண்டு முறை பாதியாக்கிக்கொண்டே போகலாம். 25-இல் வந்துதான் நிற்கும்.