படத்தில் விழாத முகங்கள்

கல் பேசும் என்பர் கலைவாணர். கல்லைப் படமாக்கிய தாளும் பேசும். ஆனால் யாரைப் பற்றி அது பேசுகிறது? யாரைப் பற்றி வாய் திறக்க மறுக்கிறது? இதைக் கேட்பதே திறனாய்வின் முதற் கடமை என்பது நம் துணிபு.

2014 செப்டம்பரில் வாஷிங்டன் தேசியக் கலைக்கூடம் ஒரு கண்காட்சியைத் திறந்தது. அடுத்த ஆண்டு அது நியூயார்க் மெட்ரோபாலிடன் கலைக்கூடத்துக்கும், பின்னர் இலண்டன் விக்டோரியா-ஆல்பர்ட் பொருட்காட்சி சாலைக்கும் சென்றது. ஏறத்தாழ 60 புகைப்படங்கள். எடுத்தவர் லின்னேயஸ் டிரைப் (1822–1902). கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையதிகாரி. 1856-இல் சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக அமர்த்தப்பட்டவர். பர்மாவின் பகோடாக்களோடு நம் மதுரையும் தஞ்சையும் திருவரங்கமும் புதுக்கோட்டையும் அந்தச் சுவர்களை அணி செய்தன.

கண்காட்சியை அமைத்தோருள் ஒருவர் ரோஜர் டெய்லர். கலைக்கூடத்து ஊழியர் அல்லர், வெளியிலிருந்து வந்தவர், இங்கிலாந்தின் டி மான்ட்ஃபர்ட் பல்கலைக் கழகத்து ஓய்வுபெற்ற பேராசிரியர். அவரும், தென்னாட்டுக் கோயிற் கலையை ஆய்ந்த கிறிஸ்பின் பிரான்ஃபுட்டும் இணைந்து நூலும் எழுதினர்.

அவர்தம் உழைப்பைப் போற்றுகிறோம். அழகைக் காட்டி அனுப்பிவிடாமல், அழகுக்குப் பின்னிருந்த அலுவலகத்தையும் அவர்கள் காட்டினர். கம்பெனி கலை வளர்க்கவா காமிரா வாங்கியது? ஆளும் நாட்டை அளந்தறிய வாங்கியது. செலவு மிகுந்ததும், 1859-இல் சென்னை ஆளுநராக வந்த டிரவெலியன் இது வீண் ஆடம்பரம் என்று நிறுத்திவிட்டார். அன்று ஆவணம், அடுத்து ஆடம்பரம், இன்று அரும்பெருங் கலை! தாள் மாறவில்லை; தாளைப் பார்த்தவர் தேவை மாறிற்று.

படங்களின் பயனை நாம் மறுக்கவில்லை. திருமலை நாயக்கர் மகால், பின்னாளில் ஆளுநர் நேப்பியர் பழுது பார்க்குமுன் எப்படி இடிந்து கிடந்தது என்பதை 1858-ஆம் ஆண்டுப் படம் சொல்லும். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுக்களை 21 படங்களாக எடுத்து ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினாரே டிரைப், அது பொறுமையின் பெருஞ்சின்னம். ஹுல்ட்ஷ் அக்கல்வெட்டுக்களை அச்சேற்றத் தொடங்கியது 1891-இல். அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே எழுத்துக்கள் தாளில் ஏறிவிட்டன.

பிறகு நம் குறை யாது?

அந்தப் படத்தின் நகலை நம் வகுப்பில் காட்டினோம். பின் வரிசை மாணவன் ஒருவன் எழுந்தான். "ஐயா, இந்தப் பெட்டியெல்லாம் தூக்கி வந்தது யாருங்க?" என்றான். நாம் விடையின்றி நின்றோம். பெருங் காமிரா, முக்காலி, மெழுகு தடவிய தாள், மருந்துக் குப்பிகள், கழுவத் தண்ணீர் இவற்றை ஊர் ஊராக ஒருவர் தாமே சுமந்தா சென்றிருப்பார்? படங்களைப் பாருங்கள்: பெரும்பாலானவற்றில் ஆளரவமே இல்லை. நெடுநேரம் திறந்திருந்த கண்ணாடிக் கண், அசைந்தவனைப் பதியவில்லை. உழைப்பவன் அசைந்துகொண்டே இருப்பவன். ஆகவே உழைப்பவன் மறைந்தான்! கண்காட்சியின் தலைப்பிலும் ஒரே பெயர்தான். அதுவும் 'காப்டன்' என்ற பட்டத்தோடு.

இதே தஞ்சைக் கோயிலின் வெளிச் சுற்றுச் சுவரில் வேறொரு கல்வெட்டு உண்டு. கோயிலுக்கெனக் கொண்டுவரப்பட்ட தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயர்களும், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பதும், ஆளுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல் என்ற கணக்கும் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. நாவிதரும் வண்ணாரும் தையற்காரரும்கூட அந்தப் பட்டியலில் இடம் பெற்றனர். பெயரைப் பொறித்ததால் அப்பெண்களின் தளை அறுந்ததா? இல்லை. மன்னன் புகழ் பாட நாம் வரவில்லை. ஆயினும் ஆயிரம் ஆண்டுக்கு முன் கல்லில் ஏறிய உழைப்பாளி பெயர், 1858-இல் காகிதத்தில் ஏறவில்லையே என்றுதான் கேட்கிறோம்.

எனவே, இத்தகைய தொகுப்புக்களை ஆராய வருவோருக்கு நம் வேண்டுகோள் இது. எடுத்தவர் திறமையை எழுதுங்கள். வேண்டாமென்று யார் சொன்னது? அதோடு சம்பளப் பட்டியல்களையும் புரட்டுங்கள். படத்தில் உள்ள எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்களைப் பக்கத்தில் அமர்த்துங்கள். பெயர் கிடைத்தால் பொறியுங்கள். கிடைக்காவிடில், 'பெயர் அறியாப் பலர் உழைப்பால் ஆனது' என்ற ஒரு வரியையாவது சுவரில் மாட்டுங்கள்.

அந்த ஒரு வரி, அன்று நாம் நம் மாணவனுக்குத் தர முடியாத விடையாகும்.