சிங்கன் தவறவிட்ட பறவைகள்

தென்காசியை அடுத்த மேலகரத்தில் வாழ்ந்த திரிகூடராசப்பக் கவிராயரின் 'குற்றாலக் குறவஞ்சி'யைப் போற்றுவோர், வசந்தவல்லியின் பந்தாட்டத்தையும் குறத்தி கூறும் மலைவளத்தையும் வியந்து அதனோடு நிறுத்திக்கொள்வர். பிற்பகுதியில் வரும் சிங்கனை நகைச்சுவைப் பாத்திரமென ஒதுக்குவதே வழக்கம். ஓரிடத்தில் அமர இயலாத பிள்ளைகளை எண்ணிப் பெற்றோர் கலங்கும் இந்நாளில் அவனை ஊன்றிப் படித்தல் நலம்.

கவனக்குறைவும் மிகை இயக்கமும் சேர்ந்த நிலையை மருத்துவர் ஏ.டி.எச்.டி. என்பர். இது குறைபாடா, இன்றைய கல்விக்கும் வேலைமுறைக்கும் பொருந்தாத இயல்பா என்பது நெடுநாளைய வழக்கு. இத்தகையோர் உழவர் உலகில் பிறந்துவிட்ட வேட்டுவர் என 1990-களில் அமெரிக்க எழுத்தாளர் தாம் ஹார்ட்மன் எழுதினார். கென்யாவின் ஆரியால் மக்களிடையே நடந்து 2008-இல் வெளிவந்த ஆய்வொன்றும் இதற்குத் துணையாகக் காட்டப்படுகிறது. இந்நிலையோடு தொடர்புபடுத்தப்படும் ஒரு மரபணு வகையை உடையவர்கள், நாடோடிகளாக வாழ்ந்தபோது நல்ல ஊட்டத்துடனும், ஓரிடத்தில் குடியமர்ந்தபோது மெலிந்தும் காணப்பட்டனர். ஆயினும் அங்கு அளக்கப்பட்டது உடல் ஊட்டமே, கவனம் அன்று.

இனிச் சிங்கனைக் காண்போம். எந்த வயலில் எந்தப் பறவை மேய்கிறது என அவன் கண் ஓயாது அலைகிறது. வகுப்பறையில் குற்றமாகும் அந்த அலைச்சல் வயல்வெளியில் திறமையாகிறது. இதுவரை ஹார்ட்மனின் கட்சி வெல்கிறது. ஆனால், கவிராயர் இங்கு நிற்கவில்லை. கண்ணி வைத்துக் காத்திருக்கும் வேளையில் சிங்கனின் மனம் சிங்கியிடம் போய்விடுகிறது, பறவைகள் தப்புகின்றன. தனக்கே உரிய தொழிலில், தனக்கே உரிய நிலத்தில் அவன் தோற்கிறான். வேட்டுவ வாழ்வு எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்னும் இனிய கற்பனையைக் கவிராயர் நமக்கு அளிக்கவில்லை.

சிங்கனுக்கு நோய்ப்பெயர் சூட்டுவது நம் நோக்கமன்று. அவனை வாட்டுவது காதல். ஆயினும் அவன் காட்டும் உண்மை மருத்துவ நெறிக்கு அயலானதன்று. 2013-இல் வெளிவந்த அமெரிக்க உளமருத்துவக் கையேட்டின்படி, அறிகுறிகள் பன்னிரண்டு வயதுக்கு முன்னரே தோன்றியிருக்க வேண்டும்; ஒன்றுக்கு மேற்பட்ட சூழல்களில் காணப்படவும் வேண்டும். ஒரு வகுப்பில் மட்டும் தவிக்கும் பிள்ளைக்கு மாற வேண்டியது அவ்வகுப்பாக இருக்கலாம். வீட்டிலும் விளையாட்டிலும் நட்பிலும் தவிக்கும் பிள்ளையிடம் 'நீ வேட்டுவன்' எனப் புகழ்ந்து, மருத்துவ உதவியை மறுத்துவிடுவது அன்பாகாது. பொருத்தமின்மை துன்பத்தைப் பெருக்குகிறது. ஆனால் துன்பம் முழுவதும் அதனால் விளைந்ததன்று.

நம் இல்லங்களில் மூன்றாவது விடையும் உண்டு. அது சோம்பல் என்னும் தலையான பாவம் என்பதே. நற்செய்தியை அறிந்தோர் இவ்வாறு தீர்ப்பிட விரையலாகாது. விரும்பியும் இயலாதவனையும், இயன்றும் விரும்பாதவனையும் ஒரே தட்டில் நிறுப்பது நீதியன்று. கரை சேரும்வரை படகில் பொறுத்திராமல் கடலில் குதித்தவர் பேதுரு. அவரிடமே ஆண்டவர் தம் ஆடுகளை ஒப்படைத்தார்; 'என்னை அன்பு செய்கிறாயா?' என்று மும்முறை கேட்ட பின்னரே ஒப்படைத்தார்.

சிங்கனுக்கு ஒரு நூவன் வாய்த்தான். கேலி பேசினாலும் அவன் புலம்பலைச் செவிமடுத்தான். தப்பிய பறவைகளை எண்ணிக் காட்டுவோர் நம்மிடையே பலர். நம் பிள்ளைகளுக்குத் தேவை, கண்ணியின் மறுமுனையைப் பிடித்து உடன் நிற்பவர்.