கொடையும் உரிமையும்: நாடக நடிகர் சங்கத் தலைமை பற்றியதோர் ஆய்வு

நாடகத்தைத் திறனாய்வார் பெரும்பாலும் நூலையே நோக்குவர். மேடையை நோக்குவார் சிலர். மேடைமேல் நிற்பவன் எந்நிலையில் நிற்கின்றான் என்பதை நோக்குவார் மிகச் சிலரே. நடிகன் பெறும் ஊதியமும் அவன் கையொப்பமிடும் ஒப்பந்தமும் பொருளியலார்க்கு உரியன என்று நாம் ஒதுக்கிவிடுகின்றோம். பழந்தமிழ்ப் புலவர் அங்ஙனம் ஒதுக்கினாரல்லர். கூத்தர், பாணர், பொருநர், விறலியர் ஆகியோரின் பசியையும் வழிநடைத் துன்பத்தையும் அவர்கள் பாட்டின் பொருளாகவே கொண்டனர். வளம் பெற்ற கலைஞன் பெறாத கலைஞனுக்கு வழிகாட்டுதலே ஆற்றுப்படை எனத் தொல்காப்பியர் இலக்கணமும் வகுத்தார். இவ்விலக்கணத்தை அளவுகோலாகக் கொண்டு, 1919-ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டில் நிகழ்ந்த நாடக நடிகர் வேலைநிறுத்தத்தையும், அதில் முன்னின்ற நடிகர் சிலரின் செயலையும் ஈண்டு மதிப்பிடுவோம். ஒற்றுமை காட்டி மகிழ்வதன்று நம் நோக்கம். வேற்றுமை கண்டு தெளிவதேயாம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூயார்க் நாடக மேடை செல்வம் கொழித்தது. நடிகர் வாழ்வோ நிலையற்றிருந்தது. பல வாரங்கள் நீளும் ஒத்திகைக்குக் கூலி இல்லை. அத்தனை வாரம் உழைத்தபின் நாடகம் சில நாளில் நின்றுவிடின் அச்சில நாட்களுக்கே ஊதியம் கிடைக்கும். உடைகளை நடிகரே தம் செலவில் வாங்குதல் வேண்டும். வெளியூரில் குழு கலைந்தால் ஊர் திரும்பும் வண்டிக்கூலிக்கும் வழியின்றித் தவித்தோர் பலர். கிறித்துமசுக்கு முந்திய வாரத்தும் புனித வாரத்தும் பாதிக் கூலியே தரும் வழக்கமும் இருந்தது.

இந்நிலையை மாற்றக் கருதிய நடிகர் 112 பேர் 1913-ஆம் ஆண்டு மே 26-ஆம் நாள் நியூயார்க்கில் கூடி 'ஆக்டர்ஸ் ஈக்விட்டி' என்னும் சங்கத்தை நிறுவினர். முதல் தலைவராக அமர்ந்தவர் பிரான்சிஸ் வில்சன். இசை நாடகங்களில் நகைச்சுவை நடிகராய்ப் பெரும்புகழ் எய்தியவர் அவர். வண்டிக்கூலிக்கு அஞ்சவேண்டாதவர் ஒருவரே அவ்வச்சம் உடையார்க்குத் தலைவரானார் என்பது நோக்கத்தக்கது.

ஆயினும் சங்கம் உடனே வலிமை பெறவில்லை. தடையாக நின்றது முதலாளிமாரின் எதிர்ப்பு மட்டுமன்று. நடிகர் நெஞ்சில் ஊறிக் கிடந்த ஒரு கருத்தும் ஆகும். 'கலைஞன் தொழிலாளி அல்லன். தொழிலாளரோடு சேர்வது கலைக்கு இழுக்கு' என்பதே அக்கருத்து. உயர்வு தருவதுபோல் தோன்றும் இக்கூற்று உண்மையில் நடிகனைக் காப்பற்றவனாக்கியது. மேடைத் தச்சனுக்கும் இசைக்கருவியாளனுக்கும் சங்கப் பாதுகாப்பு இருந்தது. கலைஞன் எனப் போற்றப்பட்டவனுக்கு அஃது இல்லை. பாராட்டே விலங்காகிய நிலை இது. 1919 சூலையில் சங்கம் அமெரிக்கத் தொழிலாளர் கூட்டமைப்பின் குடைக்கீழ் வந்தபோது அவ்விலங்கு முறிந்தது.

அவ்வாண்டு ஆகஸ்ட் 7-ஆம் நாள் வேலைநிறுத்தம் தொடங்கியது. முப்பது நாளில் அஃது எட்டு நகரங்களுக்குப் பரவியது. 37 நாடகங்கள் நின்றன. 16 நாடகங்கள் அரங்கேறாமல் தடைப்பட்டன. இப்போராட்டத்தில் பிராங்க் பேக்கன் என்பாரின் செயல் தனித்து ஆராயத்தக்கது. பல்லாண்டுக் காலம் சிறு குழுக்களில் நடித்து அலைந்த அவருக்கு, 1918-இல், தம் 54-ஆம் வயதில்தான் பெருவெற்றி வந்தது. அவர் இன்னொருவரோடு சேர்ந்து எழுதித் தாமே தலைமைப் பாத்திரம் ஏற்ற 'லைட்னின்' நாடகம் கெயிட்டி அரங்கில் நாள்தோறும் நிறைந்த அவையைக் கண்டது. வாழ்நாள் முழுதும் காத்திருந்து பெற்ற அவ்வெற்றியை ஓராண்டு நிறைவதற்குள் நிறுத்திவிட்டு அவர் சங்கத்தாரோடு தெருவில் நடந்தார். நடிகர்க்குரிய கூலி, ஆசிரியர்க்குரிய பங்கு ஆகிய இரண்டும் அவருக்கு அன்றே நின்றன. நாடகம் மீண்டும் தொடங்குமோ என்பதும் அன்று உறுதியில்லை. (பின்னர் அது தொடர்ந்து நடைபெற்று, மொத்தம் 1,291 காட்சிகள் கண்டது.)

மேரி டிரெஸ்லரின் செயலும் இத்தகையதே. புகழ்பெற்ற நகைச்சுவை நடிகையாகிய அவர், குழுவாய் நின்று ஆடிப்பாடும் பெயரறியா மகளிர்க்கென அப்போராட்டத்தின்போதே எழுந்த தனிச் சங்கத்தின் முதல் தலைவரானார். எதெல் பாரிமோர் முதலிய முன்னணி நடிகர் லெக்சிங்டன் அரங்கில் நடித்துச் சங்கத்திற்குப் பொருள் திரட்டினர்.

ஆற்றுப்படையின் இலக்கணம் இங்கு ஒருவகையில் பொருந்துகின்றது: பெற்றவர் பெறாதவர்க்கு வழிகாட்டினர். ஆனால் வழி சென்று சேரும் இடம் வேறு. மலைபடுகடாம் கூத்தனை நன்னனிடம் செலுத்துகின்றது. அங்கே அவன் பெறுவது கொடை. பேக்கன் காட்டிய வழி எந்தப் புரவலன் வாயிலுக்கும் செல்லவில்லை. அஃது ஒப்பந்தத்திற்குச் சென்றது. அவன் கொடுப்பான் என்னும் நம்பிக்கையின் இடத்தில், அவன் கொடுத்தல் வேண்டும் என்னும் விதி அமர்ந்தது.

இவ்வேற்றுமையை விளக்குவதற்கு எதிரணியில் நின்ற ஜார்ஜ் எம். கோஹானே தக்க சான்றாவார். அவர் சிறந்த நடிகர், பாடலாசிரியர், நாடக முதலாளியும் ஆவார். தம்மிடம் பணி செய்தாரை வள்ளன்மையோடு நடத்தியவர் என்று பெயர் பெற்றவர். சங்கம் தம்மையும் எதிர்த்தது கண்டு மனம் புண்பட்டு, அதற்கு மாற்றாக எழுந்த மற்றோர் அமைப்புக்கு அவர் தலைமை தாங்கினார். அவரைக் கொடியவர் எனல் பொருந்தாது. அவர் தவறு கொடையின்மையன்று. கொடை போதும் என்று கருதியமையே. நல்ல முதலாளி வாய்த்த நடிகன் பிழைப்பான். வாயாதவன் என் செய்வான்? இவ்வினாவிற்குக் கோஹானின் வள்ளன்மையில் விடை இல்லை.

மேடைத் தொழிலாளரும் இசைக்கருவியாளரும் துணைநின்றபின் முதலாளிமார் செப்டம்பர் 6-ஆம் நாள் இணங்கினர். வாரத்திற்கு எட்டுக் காட்சி என்னும் வரம்பு நிலைத்தது. எனினும் வெற்றியை மிகைப்படுத்துதல் ஆகாது. ஒத்திகைக்கு ஊதியம் 1930-களில்தான் கைகூடியது. ஆயின் உரிமை ஒருமுறை வேர்கொண்டால் தன் எல்லையைத் தானே விரிக்கும். வாஷிங்டன் நகரின் நேஷனல் அரங்கு கறுப்பின மக்களைப் பார்வையாளராக ஏற்க மறுத்தபோது, அங்கு நடியோம் என்று இதே சங்கத்தார் 1947-இல் முடிவு செய்தனர். தம் கூலிக்காக எழுந்த சங்கம் அவையில் அமர்வார் மதிப்பிற்காகவும் நின்றது. நாடகம் என்பது நடிப்பாரும் காண்பாரும் கூடியது என்னும் உண்மையை இதனினும் தெளிவாக உரைத்த கொள்கைநூல் அரிது.

எனவே, நடிகன் சங்கத் தலைமை ஏற்பதைக் கலைக்குப் புறம்பான செயலெனத் திறனாய்வாளர் கொள்ளுதல் பொருந்தாது. நாடக வரலாறு எழுதப் புகுவோர், எந்நாடகம் எத்தனை நாள் நடந்தது என்பதோடு, அதில் நடித்தவர் ஒத்திகை நாட்களில் எதனை உண்டனர் என்றும் வினவுதல் வேண்டும். விறலியின் வாடிய முகத்தைப் பாட்டிற் கண்ட மரபில் வந்த நமக்கு இவ்வினா புதியதன்று. நாம் மறந்துவிட்டதே ஆகும்.