பெயர் மறைத்த ஊரும் பேசும் மக்களும்

ஊர் வரலாறு எழுதப் புகுவோர் பெரும்பாலும் தேவாலயப் பதிவேட்டையும் நிலக்கிழாரின் ஆவணத்தையுமே முதலில் தேடுவர். அவை பிறப்பும் இறப்பும் நில உரிமையும் கூறும். உழைத்தவன் வயிறார உண்டானா என்பதைக் கூறா. அவ்வினாவுக்கு ஊராரின் வாய்மொழியிலேயே விடை தேடிய ஆங்கில நூல், ரொனால்ட் பிளைத் எழுதி 1969ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஏக்கன்பீல்டு'.

பிளைத், கிழக்கு இங்கிலாந்தின் சபோக் பகுதியிலே பிறந்தவர். 1960களின் பிற்பகுதியில் தம் அண்டை அயலாரோடு உரையாடி இந்நூலை உருவாக்கினார். பண்ணையாள், கொல்லர், கூரை வேய்வோர், ஆலய மணியடிப்போர், ஆசிரியர், குழி வெட்டுவோர் எனப் பலரும் தத்தம் வாழ்வைத் தாமே எடுத்துரைப்பதாக நூல் அமைந்துள்ளது.

ஆங்கிலக் கிராமம் என்றதும் பசும்புல்லும் மணியோசையுமே நம் நினைவுக்கு வரும். அம்மயக்கத்தை முதிய பண்ணையாள் ஒருவர் கலைத்துவிடுகிறார். 1914இல் படையிற் சேர்ந்த அவருக்கு நான்கு மாதப் பயிற்சியிலேயே உடல் எடை கூடிற்றாம். அதற்குக் காரணம் உணவன்று, வாழ்வில் முதன்முறையாகக் கடும் உழைப்பு இல்லாமையே என்கிறார் அவர்! பழமையை ஏங்கிப் பாடும் நூல் இது என்பார், இப்பகுதியை மீண்டும் படித்தல் நன்று.

குறையும் உண்டு. ஏக்கன்பீல்டு என்னும் ஊர் நிலப்படத்தில் இல்லை. சார்ஸ்பீல்டு முதலிய ஊர்களின் செய்திகளை ஆசிரியர் ஒன்றாக்கிப் புனைபெயர் சூட்டினார். பேசியோர்க்கு அது காப்பு. ஆயினும் எது அவர்தம் சொல், எது ஆசிரியர் கோத்த சொல் எனப் பிரித்தறிய வழியில்லை. பெண்களின் குரலும் குறைவே. ஆகவே இதனை வரலாற்றுப் பயன் மிக்க இலக்கியமாகக் கொள்ளலாமேயன்றி, முழு வரலாறாகக் கொள்ளல் இயலாது.

கனடா நாட்டு எழுத்தாளர் கிரேக் டெய்லர், அதே பகுதிக்குச் சென்று 'ரிட்டர்ன் டு ஏக்கன்பீல்டு' என்னும் நூலை 2006இல் வெளியிட்டார். அதில் பேசுவோருள் கிழக்கு ஐரோப்பாவினின்று வந்த பண்ணைத் தொழிலாளர் உளர். நாள்தோறும் வெளியூர் சென்று பணியாற்றித் திரும்புவோரும், ஓய்வுக்காலத்தைக் கழிக்க வந்தோரும் உளர். மண்ணில் உழைப்பவன் பிற நாட்டான். அங்கே வீடு வைத்திருப்பவன் உழைப்பதோ வேற்றூரில். எனின், ஊரான் யார்? பிளைத் நூலில் தொழிலே ஊரானை அடையாளங் காட்டிற்று. அத்தொழில் நெகிழ்ந்தபின் ஊர்ப்பெயரே எஞ்சி நிற்கிறது.

பிளைத் தம் நூறாம் அகவையில், 2023இல் மறைந்தார். அவர் வழியில் ஊர் வரலாறு எழுத விழையும் மாணவர், அவரைப் போலப் பொறுமையுடன் கேட்பாராக. கேட்டதையும் தாம் கோத்ததையும், அவர் செய்யாத வகையில், பிரித்துக் காட்டுவாராக.