மூன்றாவது படம் எங்கே?

உடற்பருமன் அறுவை சிகிச்சை விளம்பரங்களில் இரு படங்களைப் பார்த்திருப்பீர்கள்: முன்பு பருமன், பின்பு மெலிவு. இவை பொய்யல்ல, பாதி உண்மை.

அமெரிக்காவில் எட்வர்ட் மேசன் 1966-இல் இரைப்பை பைபாஸ் அறுவையைத் தொடங்கிவைத்தார். இன்று மிகுதியாகச் செய்யப்படும் முறையில், இரைப்பையின் ஏறத்தாழ முக்கால் பங்கு நீக்கப்படுகிறது. எஞ்சுவது ஒரு குழாய். பசி தணிகிறது, எடை குறைகிறது, பலருக்கு நீரிழிவும் கட்டுப்படுகிறது. இந்நன்மையை மறுப்பதற்கில்லை.

ஆனால் விளம்பரங்கள் நம் சாப்பாட்டைக் கணக்கில் கொள்வதில்லை. திருவாரூர்ப் பக்கத்து இலையை எண்ணிப் பாருங்கள்: நடுவில் குவியலாகச் சோறு, ஓரத்தில் கொஞ்சம் கூட்டு. அறுவைக்குப் பின் நாளுக்கு 60 கிராம் புரதமாவது வேண்டும். 100 கிராம் அரிசியில் இருப்பதோ சுமார் 7 கிராம். சிறுத்த இரைப்பையைச் சோறே நிரப்பினால் தசை கரையும், முடி உதிரும். ஆகவே முதலில் பருப்பு, முட்டை, மீன், பிறகே சோறு.

இரும்பு, பி12, சுண்ணாம்புச் சத்து மாத்திரைகளும் இரத்தப் பரிசோதனையும் ஆயுள் முழுவதும் தொடரவேண்டும். தவறினால் சோகை வரும், எலும்பு வலுவிழக்கும். பழைய சாப்பாட்டுப் பழக்கம் திரும்பினால் எடையும் திரும்பும்.

எனவே விளம்பரத்தைப் பார்க்கும்போது, பத்தாண்டு கழித்து எடுத்த மூன்றாவது படம் எங்கே என்று கேளுங்கள்.